கணக்குப் போட்ட பிஷப்

ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். இன்ஜினீயர் என்பதால் அணை கட்டியவர், பாலம் கட்டியவர் யாரையாவது எடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்தது ஒரு பாதிரியாரை. ஆனால் இவரும் நம்ம ஆள்தான், கணக்குக்காரர்.

ஜான் வில்லியம் கொலென்ஸோ 1814-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். 1836-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம். இவர் எழுதிய அரித்மெடிக், அல்ஜீப்ரா புத்தகங்கள் பள்ளிக்கூடங்களில் சக்கைப்போடு போட்டன. கழுத்தை நெரித்த கடனைக்கூட அந்தக் காசில்தான் அடைத்தார்.

1853-ல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்கு பிஷப் ஆனார். (1860-ல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நம்மவர்கள் கூலிகளாகப் போய் இறங்கினார்களே, அதே நட்டால்தான்.) ஜூலு மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் எழுதி, பைபிளை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். துணைக்கு வில்லியம் இங்கிடி என்ற ஜூலு.

நோவாவின் பிரளயம் வந்த இடத்தில் இங்கிடிக்கு ஒரு சந்தேகம். குளிர் தேசம், வெயில் தேசம் எல்லா மிருகங்களும் ஜோடி ஜோடியாக வந்து பேழையில் ஏறியது நிஜம்தானா? புலி, கழுகு வகையறாவுக்கெல்லாம் தீனி எப்படிக் கிடைத்தது? நியாயமான கேள்விதானே! ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் கொலென்ஸோ புவியியல் படித்தவர். உலகம் முழுக்க மூழ்கியிருந்தால் பிரான்சின் பழைய எரிமலைக் கூம்புகளில் லேசான சாம்பலும் நுரைக்கல்லும் அடித்துப் போகாமல் எப்படி நிற்கும் என்று அவருக்கே தெரியும். நம்பிக் கேட்டவனிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

பிறகு பென்சிலை எடுத்தார். மோசேயோடு வந்த ஆண்கள் 6,03,550 பேர்; சபையார் எல்லாரும் ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் கூடினார்கள் என்கிறது பைபிள். கூடாரத்தின் அகலம் 18 அடி. ஆளுக்கு 2 அடி கொடுத்தால் வரிசைக்கு 9 பேர். வரிசைகளுக்கு இடையே ஒன்றரை அடி விட்டால் கூட்டம் ஏறக்குறைய 20 மைல் நீளம் போகும்! நானும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 19 மைல் வருகிறது.

1862-ல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தே கொந்தளித்தது. 1863-ல் கேப்டவுன் பிஷப் கிரே இவரைப் பதவிநீக்கம் செய்தார். 1865-ல் பிரிவி கவுன்சில் அது செல்லாது என்றது. கிரே விடவில்லை, 1866-ல் சபையை விட்டே விலக்கினார். கொலென்ஸோவோ கடவுளையும் விடவில்லை, பிரசங்கத்தையும் விடவில்லை. கதை நடந்த கதையா என்பது வேறு, கடவுள் வேறு என்பது அவர் கட்சி.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அடுத்த கட்டத்தில்தான். 1873-ல் லங்கலிபலேலே என்ற குடித்தலைவரைக் கலகக்காரர் என்று பிடித்து, ஒப்புக்கு ஒரு விசாரணை நடத்தி, ஆயுளுக்கும் நாடுகடத்தத் தீர்ப்பளித்தார்கள். வேதத்தை அலசிய அதே கண்ணால் கொலென்ஸோ அரசாங்கத்தின் சாட்சியங்களையும் அலசினார். ஒன்றும் நிற்கவில்லை. அந்த விசாரணையில் பெரிய பங்கு வகித்த ஷெப்ஸ்டன் இவருடைய இருபது வருஷ நண்பர். அந்த நட்பும் போயிற்று. 1874-ல் லண்டனுக்கே போய் வாதாடினார். கவர்னர் திருப்பி அழைக்கப்பட்டார். 1879-ல் ஜூலுக்கள் மீது பிரிட்டன் தொடுத்த போரையும் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தார். வெள்ளைக்காரக் குடியேறிகளில் பலர் அவரை வெறுத்தார்கள்.

1883-ல் காலமானார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தம்முடைய தேவாலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். ஜூலுக்கள் அவருக்கு வைத்த பெயர் சொபன்டு. மக்களின் தகப்பன் என்று அர்த்தம்.