தோற்பதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கிய கூட்டம்: ரெஸ்லிங் வில்லனுக்கு இலக்கணம் எழுதிய கார்ஜியஸ் ஜார்ஜ்!

1959 மார்ச் மாதம். கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம். ரிங்குக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் 44 வயதை நெருங்கும் ஒருவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறார். பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த, பொன்னிறச் சாயம் பூசிய அவரது சுருள்முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுகிறது. கூட்டம் ஆரவாரத்தில் கூரையைப் பிய்க்கிறது.

கனடா மக்களின் செல்லப்பிள்ளையான விப்பர் பில்லி வாட்சனிடம் அன்று அவர் தோற்றிருந்தார். வாட்சன் தோற்றால் ரிங்கை விட்டே விலக வேண்டும், இவர் தோற்றால் மொட்டை. அதுதான் பந்தயம்.

ரெஸ்லிங்தானே, எல்லாமே ஸ்கிரிப்ட்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே முடிவானதுதான். ஆனால் அந்த முடி நிஜம். அதை வெட்டுவதைப் பார்க்க வந்தவர்களின் கோபமும் நிஜம். நாற்காலியில் இருந்தவரின் 20 வருட உழைப்பே அந்தக் கோபம்தான். அவர் பெயர் கார்ஜியஸ் ஜார்ஜ்.

யார் இந்த ஜார்ஜ்?

இயற்பெயர் ஜார்ஜ் ரேமண்ட் வாக்னர். 1915 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பியூட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா வீடுகளுக்கு பெயின்ட் அடிப்பவர். பிழைப்புக்காக டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தது குடும்பம். அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் மல்யுத்தம் பழகிய ஜார்ஜ், பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிகளில் சில்லறைக் காசுக்குச் சண்டை போட்டார்.

நன்றாகவே சண்டை போடுவார். பிடிகள் எல்லாம் சுத்தமாக இருக்கும். பிரச்சினை என்னவென்றால், உயரம் சுமார் 5 அடி 9 அங்குலம்தான். அந்தக் காலத்து ரெஸ்லிங்கில் மலை மாதிரி ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். இவர் ஜெயித்தாலும் தோற்றாலும் கூட்டம் கொட்டாவி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனது.

1939-ல் பெட்டி ஹான்சன் என்ற பெண்ணை ஒரேகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் கல்யாணம் செய்துகொண்டார். எங்கே தெரியுமா? ரிங்குக்குள்ளேயே! அந்தக் கல்யாணத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, வேறு ஊர்களிலும் அதையே திரும்பத் திரும்ப நடத்திக் காட்டினார்கள். சண்டையே இல்லாவிட்டாலும் ஒரு கதை இருந்தால் மக்கள் காசு கொடுப்பார்கள் என்பது புதுமணத் தம்பதிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அங்கியை மடித்த கதை

பெட்டிக்குத் தையல் நன்றாக வரும். கணவர் ரிங்குக்கு நடந்து போகும்போது அணிய ஓர் ஆடம்பரமான அங்கியைத் தைத்துக் கொடுத்தார். ஒருநாள் சண்டைக்கு முன் அந்த அங்கியைக் கழற்றிய ஜார்ஜ், அது கசங்கிவிடக் கூடாதே என்று மெதுவாக, பத்திரமாக மடித்துக்கொண்டிருந்தாராம். கூட்டம் கடுப்பாகிக் கத்த ஆரம்பித்தது. அவர் இன்னும் மெதுவாக மடித்தார். கத்தல் இன்னும் அதிகமானது. ரிங் மணி அடிக்கும் முன்பே, ஒரு அடிகூட விழாமலேயே, மொத்த அரங்கமும் அவர் உதைபட வேண்டும் என்று ஆசைப்பட்டது.

வில்லன் பிறந்தது அங்கேதான்.

ரெஸ்லிங் உலகில் வில்லனை ‘ஹீல்’ என்பார்கள். ஜார்ஜுக்கு முன்பும் ஹீல்கள் இருந்தார்கள். பெரும்பாலும் முரட்டு மீசை, பயமுறுத்தும் முகம், கடித்துக் குதறும் சண்டை. அவர்களைப் பார்த்தால் பயம் வரும். ஜார்ஜைப் பார்த்தால் எரிச்சல் வரும். டிக்கெட் விற்பதற்கு பயத்தைவிட எரிச்சல்தான் உதவும். பயப்பட வைப்பவனை விட்டு நாம் விலகுவோம். எரிச்சல்படுத்துபவன் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடிப்போம்.

அந்த எரிச்சலை ஜார்ஜும் பெட்டியும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். இன்று டபிள்யூ.டபிள்யூ.இ.யில் கதை எழுதுவதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. அன்று அதெல்லாம் கிடையாது. முடிவை புரொமோட்டர் சொல்வார், கேரக்டரை ஆளாளுக்குத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் முடிக்குப் பொன்னிறச் சாயம், அதில் அலை அலையாகச் சுருள். அடுத்து, கோட்டு சூட்டு போட்ட ஓர் உதவியாளர். ஜெஃப்ரிஸ் என்ற அந்தக் கேரக்டர் வெள்ளித் தட்டோடு முன்னால் வருவார். ரிங்கின் மூலை முடுக்கெல்லாம் வாசனைத் திரவியம் தெளிப்பார். ஷனேல் நம்பர் 5 சாதாரண ஆட்களுக்கு, தனக்கு நம்பர் 10 என்று ஜார்ஜ் பீற்றிக்கொள்வார். அப்படி ஒரு சென்டே கிடையாது! பட்டமளிப்பு விழாக்களில் ஒலிக்கும் ‘பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்’ இசை பின்னணியில் ஓட, அவர் ராஜநடை போட்டு வருவார். முடியிலிருந்து தங்கமுலாம் பூசிய ஹேர்பின்களை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசுவார். நடுவர் தன்னைச் சோதிக்க வந்தால், அந்தக் கைகளுக்கும் முதலில் மருந்து அடிக்கச் சொல்வார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சண்டை. பல நேரம் சண்டையைவிட என்ட்ரிதான் நீளம்.

மணி அடித்த பிறகும் ஒரு கணக்கு இருந்தது. நடுவர் பார்க்காதபோது கண்ணில் குத்துவார், முடியைப் பிடித்து இழுப்பார். எதிராளி திருப்பி அடித்தால் மண்டியிட்டுக் கெஞ்சுவார். அடிக்க முடியாத வில்லனைக் கூட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் கைவிட்டுவிடும். அதனால், இன்னும் ஒரே ஒரு குத்து விட்டால் ஆள் காலி என்ற நம்பிக்கையை ஒவ்வொரு சண்டையிலும் கொடுத்து, கடைசி நொடியில் ஏமாற்றி ஜெயித்துவிட்டுப் போவார். அடுத்த வாரமும் அரங்கம் நிரம்பும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்காவில், ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கறாரான பிம்பம் இருந்தது. ஜார்ஜின் நளினமும் ஒப்பனையும் அதைச் சீண்டின. கூட்டம் கத்திய வசவுகளில் பாதி அந்த வெறுப்பிலிருந்து வந்தவைதான். அந்த வெறுப்பு அவருக்கு மூலதனம். இன்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

டிவி வந்தது, லாட்டரி அடித்தது

1947 நவம்பரில் ஜார்ஜ் முதன்முதலாக டிவியில் தோன்றினார். அப்போது டிவி நிலையங்களிடம் நிகழ்ச்சிகள் குறைவு, பணமும் குறைவு. ரெஸ்லிங் அவர்களுக்கு வரப்பிரசாதம். சின்ன ரிங், வெளிச்சம் ஏற்கெனவே ரெடி, ஓரிரு கேமரா போதும். கறுப்பு வெள்ளைத் திரையில் அங்கியின் நிறம் தெரியாது. ஆனால் அந்த ஜிகினாவும் திமிரும் அப்படியே தெரிந்தன.

வீட்டு வரவேற்பறைகளில் அவரைத் திட்டுவது ஒரு குடும்பப் பொழுதுபோக்கானது. உச்சத்தில் வருடத்துக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார் என்கிறார்கள். எல்லா இடத்திலும் எடுபட்டார் என்றும் சொல்ல முடியாது. 1949 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவரை வைத்து நடத்திய ஷோவுக்குக் கூட்டமே சேரவில்லை. ஆனாலும் அடுத்த வருடமே சட்டப்படி தன் பெயரையே கார்ஜியஸ் ஜார்ஜ் என மாற்றிக்கொண்டார். கடை, விமானம், ஹோட்டல் என எங்கே போனாலும் அதே முடி, அதே பந்தா. வாக்னர் என்ற ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணவில்லை.

லாஸ் வேகாஸில் ஒரு 19 வயதுப் பையன்

1961-ல் லாஸ் வேகாஸ். தன் சண்டையை விளம்பரப்படுத்த ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு வந்த ஜார்ஜ், எதிராளியைக் கிழித்துத் தொங்கவிடப் போவதாகவும், தான்தான் உலகிலேயே அழகன் என்றும் கத்தித் தீர்த்தார். அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்த இளம் குத்துச்சண்டை வீரர் ஒருவர் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜார்ஜின் சண்டைக்கும் போனார். அரங்கம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஜார்ஜ் தோற்க வேண்டும் என்று வந்தவர்கள். ஜெயிப்பதைப் பார்க்க வருபவனும் தோற்பதைப் பார்க்க வருபவனும் ஒரே விலைக்குத்தான் டிக்கெட் வாங்குகிறான் என்பதை ஜார்ஜ் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பையனின் பெயர் காசியஸ் கிளே. பின்னாளில் முகமது அலி. தன் வாய்ப்பேச்சுக்கு ஜார்ஜ்தான் முன்மாதிரி என்பதை அலி மறைத்ததே இல்லை.

கடைசி ரவுண்டு

ஜார்ஜிடம் பணம் வந்த வேகத்திலேயே போனது. கலிஃபோர்னியாவில் வான்கோழிப் பண்ணை வைத்தார், மதுக்கூடம் நடத்தினார். குடிப்பழக்கம் முற்றியது. அங்கி தைத்துக் கொடுத்த பெட்டி விவாகரத்து வாங்கிப் பிரிந்தார். இரண்டாவது திருமணமும் நிலைக்கவில்லை. கல்லீரல் கெட்டுப்போனது.

கையில் மிஞ்சியது அந்த முடி மட்டும்தான். 1962 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் ஒலிம்பிக் ஆடிட்டோரியத்தில் அதையும் மறுபடி பந்தயம் வைத்தார். எதிரே முகமூடி அணிந்த டெஸ்ட்ராயர், நிஜப் பெயர் டிக் பேயர். அவர் தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும். ஜார்ஜ்தான் தோற்றார். மீண்டும் நாற்காலி, மீண்டும் மொட்டை. அவரது கடைசிச் சண்டைகளில் ஒன்று அது.

1963 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மாரடைப்பால் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். வயது 48. அவர் ரிங்குக்கு அணிந்து வந்த ஆர்க்கிட் பூ நிறத்திலேயே சவப்பெட்டி செய்தார்கள். இரண்டே மாதத்தில், 1964 பிப்ரவரி 25 அன்று, சோனி லிஸ்டனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார் காசியஸ் கிளே. ரிங்கிலேயே நின்று தன் பெருமையைத் தானே கத்திக் கத்திச் சொன்னார். அதைப் பார்க்க ஜார்ஜ் இல்லை.

2010-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஹால் ஆஃப் ஃபேமில் ஜார்ஜின் பெயர் சேர்க்கப்பட்டது. மேடையில் அவரை அறிமுகம் செய்தவர், 1962-ல் அவர் முடியை எடுத்த அதே டிக் பேயர். ஜார்ஜின் சார்பில் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவர் 90 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. முதல் அங்கியைத் தைத்த பெட்டி.