ஒளியால் துயர் எழுதிய குருதத்

திரைப்படம் ஒளியால் எழுதப்படும் கலை. அவ்வொளியைக் காட்சிக்குரிய அணியாகக் கொண்டோர் பலர். மனித மனத்தின் தனிமையை உரைக்கும் மொழியாகக் கொண்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் இந்தித் திரைப்பட இயக்குநர் குருதத்.

வசந்தகுமார் சிவசங்கர் படுகோன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1925ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பெங்களூரில் பிறந்தார். இளமைக் காலம் கல்கத்தாவில் கழிந்தது. பொருள் வசதியின்மையால் கல்லூரிக் கல்வி வாய்க்கவில்லை. அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலைமையத்தில் நடனம் பயின்ற இவர், 1944இல் பூனாவின் பிரபாத் நிறுவனத்தில் பணியேற்றார். அங்கு வாய்த்த தேவ் ஆனந்தின் நட்பு, 1951இல் பாஜி படத்தை இயக்கும் வாய்ப்பாகக் கனிந்தது.

பாஜி படப்பிடிப்பில் உதவியாளராக இருந்த மைசூர்க்காரர் வி.கே.மூர்த்தியின் திறனைக் கண்டுகொண்ட குருதத், அடுத்த படமான ஜாலில் அவரையே ஒளிப்பதிவாளராக்கினார். ஆர் பார் (1954), மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55 (1955) ஆகிய படங்களில் பம்பாய் நகரின் துள்ளலும் நகைச்சுவையும் மிகுந்தன. உரையாடலினின்றே பாடல் பிறக்குமாறு காட்சி அமைத்தார். அண்மைக் காட்சிகளில் நீண்ட குவியத் தொலைவுடைய லென்சுகளைக் கையாண்டார். பின்புலம் மங்க, முகமே கதையாயிற்று.

பியாசாவில் (1957) அத்துள்ளல் அடங்கி இருள் சூழ்ந்தது. இறந்துவிட்டதாகக் கருதப்படும் கவிஞனைப் போற்ற அரங்கு நிறைந்த கூட்டம். அக்கவிஞனோ வாயிலில் கைகளை விரித்து நிற்கிறான். பின்னிருந்து பாயும் ஒளியில் அவன் வெறும் நிழலுருவாகவே தெரிகிறான். வாழும்போது அவனைக் காணாத உலகுக்கு அப்போதும் முகம் புலப்படவில்லை. ஒரு சொல்லும் இன்றி இக்கருத்தை ஒளியே உரைத்துவிடுகிறது.

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான காகஸ் கே பூல் 1959இல் வெளிவந்தது. ஆளற்ற படப்பிடிப்புத் தளத்தில், கூரையிலிருந்து ஒற்றை ஒளிக்கற்றை சாய்ந்து விழுகிறது. அதனுள் தூசு மிதக்கிறது. கதைத்தலைவனும், செங்கல்பட்டில் பிறந்த வகீதா ரகுமான் ஏற்ற நாயகியும் இருளில் அசையாது நிற்க, அவர்தம் நிழலுயிர்கள் மட்டும் ஒளியில் சென்று கலக்கின்றன. கதிரவனின் ஒளியைக் கண்ணாடிகளால் உள்ளே திருப்பி மூர்த்தி இதனைப் படமாக்கினார். அகன்ற திரையின் வெற்றிடமே பிரிவுத்துயராயிற்று.

மக்கள் அப்படத்தை ஏற்கவில்லை. அதன்பின் எப்படத்திலும் இயக்குநராகத் தம் பெயரை அவர் இடவில்லை. லக்னோ முஸ்லிம் சமூகப் பின்னணியில் அமைந்த சௌத்வின் கா சாந்த் (1960) படத்தை முகம்மது சாதிக்கும், சாகிப் பீபி அவுர் குலாம் (1962) படத்தை அப்ரார் அல்வியும் இயக்கினர். குருதத் தயாரித்து நடித்தார். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தம் 39ஆம் வயதில், பம்பாயில் மறைந்தார்.

2005இல் டைம் இதழ் வெளியிட்ட நூறு சிறந்த படங்களின் பட்டியலில் பியாசா இடம் பெற்றது. 2008ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகிப் பால்கே விருது மூர்த்திக்குக் கிடைத்தது. புறக்கணிக்கப்பட்ட காகஸ் கே பூல் இன்று திரைக்கலை பயில்வோர்க்குப் பாடமாக விளங்குகிறது. முதல் வாரத்து வசூல் ஒரு படைப்பின் மதிப்பை முடிவு செய்துவிடுவதில்லை. ஆயினும் கலைஞனின் துணிவை அது முறித்துவிடக்கூடும். காலம் தாழ்ந்து வந்த புகழ் படத்தை மீட்டது, படைத்தவனை மீட்கவில்லை.