கணவர் நிறுத்திய பணம், மாறிய சட்டம்: யார் இந்த கரோலின் நார்ட்டன்?

விவாகரத்து வழக்கு ஒரே நாளில் முடியாது. வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வக்கீல் செலவுக்கெல்லாம் காசு எங்கிருந்து வரும்? இதற்கு இன்றைய சட்டத்தில் உள்ள பதில்தான் இடைக்கால ஜீவனாம்சம். தீர்ப்பு வரும் வரை, வருமானம் இல்லாத துணைக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர் தர வேண்டிய தொகை அது.

இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் தவித்து, கடைசியில் சட்டத்தையே அசைத்துப் பார்த்தவர் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் கரோலின் நார்ட்டன்.

யார் இவர்?

1808இல் லண்டனில் பிறந்தவர். புகழ்பெற்ற நாடக ஆசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் பேத்தி. பெரிய குடும்பம்தான், ஆனா கையில் பணம் இல்லை. சிறு வயதிலேயே அப்பாவையும் இழந்தார். 1827இல், 19 வயதில், ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரைத் திருமணம் செய்துகொண்டார். ஜார்ஜ் அப்போது நாடாளுமன்ற உறுப்பினரும்கூட.

கணவர் அடிப்பது சீக்கிரமே தொடங்கிவிட்டது. மூன்று மகன்கள் பிறந்தார்கள். கவிதை, நாவல் என எழுதிக் குடும்பச் செலவைத் தாங்கியவர் கரோலின். குடும்ப நண்பரும் அமைச்சருமான மெல்போர்ன் பிரபு மூலம் கணவருக்கு மாஜிஸ்திரேட் வேலை கிடைத்ததும் அவருடைய முயற்சியால்தான்.

1836இல் என்ன நடந்தது?

1836இல் குடும்பம் உடைந்தது. ஜார்ஜ் மூன்று பிள்ளைகளையும் தன் பக்கம் கொண்டுபோய்விட்டார். அதோடு நிற்கவில்லை. அதற்குள் பிரதமராகியிருந்த மெல்போர்ன் தன் மனைவியுடன் தவறான உறவு வைத்திருந்ததாக வழக்குப் போட்டு, 10,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டார்.

ஜூரிகள் இருக்கையை விட்டு எழாமலேயே மெல்போர்ன் மீது குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கில் கரோலினுக்கு வாய் திறக்கவே உரிமை இல்லை. அவருடைய மானத்தைப் பற்றிய வழக்கு, ஆனா அவர் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, சாட்சியும் இல்லை.

கணவர் தோற்றதால் கரோலினுக்கு நன்மையா? அதுவும் இல்லை. குற்றம் நிரூபணமாகாததால் ஜார்ஜால் விவாகரத்து வாங்க முடியவில்லை. ஒருமுறை வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்ததால், கணவரின் கொடுமையை அவர் மன்னித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொண்டது. அதனால் கரோலினாலும் வழக்குப் போட முடியவில்லை.

இடைக்காலப் பணம் ஏன் கிடைக்கவில்லை?

அன்றைய இங்கிலாந்தில் திருமண வழக்குகளைத் தேவாலய நீதிமன்றங்கள் விசாரித்தன. வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குப் பணம் தரச் சொல்லும் வழக்கம் அங்கேயும் உண்டு. பொதுவாக வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனா வழக்கு இருந்தால்தான் அந்தப் பணம். வழக்கே போட முடியாதவருக்கு எதுவும் இல்லை.

சரி, தானே சம்பாதித்துப் பிழைக்கலாமே என்றால், அங்கேயும் சட்டம் குறுக்கே நின்றது. கணவனும் மனைவியும் சட்டப்படி ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவர்தான். மனைவி எழுதிச் சம்பாதிக்கும் காசுகூட அவருடையது.

பிள்ளைகளின் கதி?

குழந்தைகள் மீதான முழு உரிமையும் அப்பாவுக்கே இருந்த காலம் அது. கரோலின் சிறு நூல்களாக எழுதி விநியோகித்தார், எம்.பி.க்களிடம் பேசினார். டால்ஃபோர்ட் என்ற எம்.பி. கொண்டுவந்த மசோதா 1839இல் சட்டமானது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், பெரிய பிள்ளைகளைப் பார்க்கவும் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றது அது. தவறான உறவு நிரூபிக்கப்பட்ட தாய்க்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை.

ஆனா ஜார்ஜ் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தார். இந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டு இறந்தான். தாய் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

கையெழுத்துப் போட்டும் செல்லாத பத்திரம்

1848இல் ஜார்ஜுக்குப் பண நெருக்கடி. கரோலின் பெயரிலிருந்த அறக்கட்டளைப் பணத்தை வைத்துக் கடன் வாங்க அவருடைய சம்மதம் தேவைப்பட்டது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 500 பவுண்டு தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். சில ஆண்டுகளில் கரோலினுக்குத் தாய் வழியில் கொஞ்சம் வருமானம் வந்தது. உடனே ஜார்ஜ் பணத்தை நிறுத்திவிட்டார்.

கரோலினுக்குக் கடன் கொடுத்தவர்கள் 1853இல் ஜார்ஜ் மீது வழக்குப் போட்டார்கள். மனைவியின் வங்கிக்காரர்களையும் பதிப்பாளர்களையும் கோர்ட்டுக்கு வரவழைத்து, அவருடைய வருமானத்தைத் தோண்டியெடுத்தார் ஜார்ஜ். கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்றால், ஒருவர் தன்னோடு தானே ஒப்பந்தம் போட முடியுமா? அதனால் அந்தப் பத்திரம் வெறும் காகிதமானது.

சட்டம் எப்படி மாறியது?

மறுபடி பேனாவை எடுத்தார் கரோலின். 1854இல் பெண்களுக்கான ஆங்கிலச் சட்டங்கள் பற்றி ஒரு நூல். 1855இல் விக்டோரியா மகாராணிக்கு ஒரு பகிரங்கக் கடிதம். ஆணும் பெண்ணும் சமம் என்று அவர் வாதாடவில்லை. பாதுகாக்க வேண்டியவரே கைவிட்டால் சட்டமாவது பாதுகாக்க வேண்டாமா என்பதுதான் அவர் கேள்வி.

1857இல் விவாகரத்துக்கெனத் தனி நீதிமன்றம் வந்தது. கைவிடப்பட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், பிரிந்து வாழும் மனைவி தன் பெயரில் ஒப்பந்தம் போடலாம், வழக்கும் தொடுக்கலாம் என்ற பிரிவுகளில் கரோலினின் தாக்கம் இருந்தது. ஆனா அவருக்கு விவாகரத்து கிடைக்கவே இல்லை. 1875இல் ஜார்ஜ் இறந்த பிறகே விடுதலை. 1877இல் மறுமணம் செய்துகொண்டு, சில மாதங்களிலேயே காலமானார்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி 1869இல் இங்கே இந்திய விவாகரத்துச் சட்டம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கான அந்தச் சட்டத்தின் 36ஆவது பிரிவு இடைக்கால ஜீவனாம்சம் பற்றியது. அதே ஐந்தில் ஒரு பங்கு வரம்பு அதிலும் இருந்தது. 2001இல்தான் அந்த வரம்பு நீக்கப்பட்டது. மனுவை முடிந்தவரை 60 நாட்களில் முடிக்க வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்தது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 24ஆவது பிரிவின் கீழ் கணவன், மனைவி இருவருமே இடைக்காலத் தொகை கேட்கலாம். பிள்ளைகளின் பராமரிப்புக்கு 26ஆவது பிரிவு.

ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தந்த வழிகாட்டுதல் முக்கியமானது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை, உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும்.

1853இல் நோண்டப்பட்டது மனைவியின் கணக்கு மட்டும்தான். இன்று இருவருமே கணக்குக் காட்டியாக வேண்டும். காசு இல்லாததாலேயே ஒருவர் பாதி வழக்கில் பணிந்து போகக் கூடாது, அதுதான் இந்தச் சட்டத்தின் நோக்கம். அதனால் இடைக்கால மனுவைத் தள்ளிப்போடாமல் சீக்கிரம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.