இளைஞர்க்குத் துணைநின்ற டான் போஸ்கோ

நோய் வந்தபின் மருந்து தேடுதலினும் வருமுன் காத்தலே சிறந்தது. இஃது உடல்நோய்க்கு மட்டுமன்றி இளைஞர்தம் குற்றங்கட்கும் பொருந்தும் எனச் செயலிற் காட்டியவர் டான் போஸ்கோ ஆவார்.

இவர் 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள், வட இத்தாலியிலுள்ள பெக்கி என்னும் சிற்றூரில், உழவர் குடியிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தார். அன்னை மார்கரீத்தா வறுமைக்கிடையேயும் மைந்தரை நன்னெறியில் வளர்த்தார். கயிற்றின்மேல் நடத்தல், செப்பிடுவித்தை முதலியன கற்ற இவர், ஊர்ச் சிறுவரை அவற்றால் தம்பால் ஈர்த்தார். கூலிவேலை செய்தும் தையற்றொழில் பழகியும் கல்வி பயின்று, 1841-இல் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் தூரின் நகருக்குக் கட்டட வேலை நாடி நாட்டுப்புறச் சிறுவர் பலர் வந்தனர். உற்றார் துணையின்றித் திரிந்த அவருட் சிலர் களவும் பூசலும் பழகிச் சிறை புகுந்தனர். சிறைகட்குச் சென்ற டான் போஸ்கோ இளஞ்சிறுவரை ஆங்குக் கண்டு உளம் நொந்தார். விடுதலை பெற்றோர் மீண்டும் சிறைக்கே வருவதையும் கண்டார். வெளியே அவர்களை ஆதரிப்பார் ஒருவரும் இலர் என்பதே அதன் காரணம் எனத் தெளிந்தார்.

ஆகவே, விடுமுறை நாள்களில் சிறுவரைக் கூட்டி விளையாட்டும் எழுத்தும் எண்ணும் சமயநெறியும் கற்பித்தார். இரைச்சல் பொறாத அயலார் பலவிடத்தும் அவர்களை விரட்டினர். 1846-இல் வால்தோக்கோ என்னுமிடத்தில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. அவ்வாண்டே அன்னையும் ஊரைவிட்டு வந்தார். வீடற்ற சிறுவர்க்குச் சோறு சமைத்தும் கந்தை தைத்தும் தாயாய் விளங்கினார்.

தொழில் பயிலும் சிறுவரை முதலாளிகள் வருத்தாவண்ணம் எழுத்து ஒப்பந்தமும் செய்வித்தார். தொழிலை நன்கு கற்பித்தல், அடியாமல் சொல்லால் மட்டுமே திருத்துதல், திருநாள்களில் ஓய்வளித்தல், உரிய கூலி தருதல் ஆகியன 1852-இல் எழுதப்பெற்ற ஒப்பந்தம் ஒன்றிற் காணப்படுகின்றன. மறு ஆண்டில் தையற்கூடமும் காலணி செய்யுங்கூடமும் தம் இல்லத்திலேயே அமைத்தார்.

குற்றம் நிகழ்ந்தபின் ஒறுத்தல் ஒரு முறை. நிகழாவாறு உடனிருந்து காத்தல் மற்றொரு முறை. இவர் பின்னதையே கொண்டு, 1877-இல் அதனை விளக்கி எழுதினார். அறிவு, சமயப்பற்று, அன்பு என்னும் மூன்றும் அம்முறையின் தூண்களாம். ஆசிரியர் அஞ்சத்தக்க காவலராகாது, விளையாட்டுக் களத்திலும் சிறுவரோடிருக்கும் தந்தையாதல் வேண்டும் என்பது அவர் துணிபு.

1859-இல் அவர் தோற்றுவித்த சலேசிய சபையார் 1906-இல் தஞ்சைக்கு வந்து தொண்டாற்றத் தொடங்கினர். அதனைக் காணுமுன்னரே, 1888-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள் அவர் மறைந்தார். வழிதவறும் இளைஞனை வெறுத்தொதுக்காது, கைத்தொழிலும் கல்வியும் அன்பும் ஈந்தால் அவன் நன்மகனாவான் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் உண்மையாகும்.