தொன்மம் திரட்டிய தோன்றல்

பிலிப்பைன்ஸ் நாட்டின் வடபால், லூசோன் தீவின் மேற்குக் கடலோரத்தே அமைந்தது இலோகோஸ் பகுதி. அதன் பழம்பெரும் நகராகிய விகானில் 1864ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் இசபெலோ தெ லோஸ் ரெயெஸ் பிறந்தார். அன்னை லியோனா புளோரெண்டினோ, இலோகானோ மொழியிலும் இசுபானிய மொழியிலும் பாடல் புனைந்த கவிஞர். பெண்ணொருத்தி கவி பாடுதலை அற்றைச் சமுதாயம் பொறுக்கவில்லை. கணவரையும் மக்களையும் பிரிந்து தனித்து வாழ்ந்த அவ்வம்மையார், 1884இல் தம் 35ஆம் அகவையில் மறைந்தார். மகனோ செல்வரான உறவினர் ஒருவரின் பொறுப்பில் வளர்ந்து, 1880இல் மணிலா சென்று கற்று, இதழாளரானார்.

அன்னை மறைந்த அதே 1884இல், மணிலா நாளிதழொன்று நாட்டுப்புற வழக்காறுகளைத் தொகுத்தனுப்புமாறு வாசகர்களை வேண்டியது. இருபது வயது இசபெலோ அப்பணியைத் தம் வாழ்வின் தலையாய பணியாக ஏற்றார்.

மலையிலும் மரத்திலும் நீரிலும் உறைவனவாக மக்கள் நம்பிய 'அனிட்டோ' என்னும் ஆவிகளை, மூன்று நூற்றாண்டுகளாக இசுபானியத் துறவியர் பிசாசுகள் எனப் பழித்து வந்தனர். இசபெலோ அவற்றைப் பழிக்கவில்லை, பதிவு செய்தார். மரம் வெட்டுமுன் அம்மரத்தில் வாழும் 'மங்மங்கிக்' ஆவிகளிடம் பொறுத்தருள வேண்டிப் பாடும் வழக்கத்தை எழுதினார். நள்ளிரவில் வந்து மனிதரை எழுப்பி, வானில் செல்லும் படகில் ஏற்றிச் செல்லும் 'சங்ககபாகி' பற்றி எழுதினார். அத்துடன் நில்லாது, இசுபானிய நாட்டிலும் இவை போன்ற நம்பிக்கைகள் உளவென எடுத்துக்காட்டினார். ஆள்வோர் மூடநம்பிக்கை என எள்ளியவை ஆள்வோர் இல்லத்திலும் இருந்தன என்று தணிக்கைக் காலத்தில் எழுதுதற்குத் துணிவு வேண்டும்.

1887இல் மாட்ரிட் நகரக் கண்காட்சியில் இத்தொகுப்பு வெள்ளிப் பதக்கம் பெற்றது. பின்னர் 1889, 1890ஆம் ஆண்டுகளில் மணிலாவில் 'எல் ஃபோக்-லோர் ஃபிலிப்பினோ' என்னும் பெயரில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அன்னையின் பாடல்களையும் இந்நூலில் சேர்த்தார். வீடு புறந்தள்ளிய கவிஞரை ஏட்டில் ஏற்றி வாழவைத்தவர் மகனே.

1889இல் 'எல் இலோகானோ' இதழைத் தொடங்கிய அவர், பாங்கார் ஊர்ப் பங்குத்தந்தை கெரார்தோ பிளாங்கோவிடமிருந்து பெற்ற 'லாம்-ஆங்' கதைப்பாடலை அதில் அச்சேற்றினார். பிறந்தவுடன் பேசித் தனக்குத் தானே பெயரிட்டுக்கொண்ட வீரன் லாம்-ஆங். கடலில் பெருமீன் அவனை விழுங்குகிறது. எலும்புகள் திரட்டப்பட, அவனுடைய சேவலும் நாயும் துணைநிற்க உயிர்த்தெழுகிறான்.

1897இல் ஆட்சியினர் இசபெலோவைப் பிலிபித் சிறையில் அடைத்தனர். அவர் சிறையிலிருந்தபோதே மனைவி மறைந்தார். அவ்வாண்டே நாடு கடத்தப்பட்டு, பார்சிலோனாவின் மோன்ட்யூயிக் சிறையில் வாடினார். 1901இல் மீண்டு, மறு ஆண்டில் நாட்டின் முதல் தொழிற்சங்கக் கூட்டமைப்பை நிறுவினார். கிரெகோரியோ அக்லிபாயுடன் தனித் திருச்சபை காணவும் துணைநின்றார். 1922இல் செனட் உறுப்பினரானார். 1909இல் பண்டைச் சமயத்தைப் பற்றி எழுதிய நூலில் சான்றுகளோடு அவர்தம் கற்பனையும் கலந்துள்ளது. தொகுப்பாளர் படைப்பாளராக மாறிய இடம் அது. ஆய்வாளருக்கு அது குறையாகலாம், கவிஞருக்கு ஆகாது. 1938 அக்டோபர் 10ஆம் நாள் மறைந்தார்.

இன்று பிலிப்பைன்ஸ் எழுத்தாளரும் ஓவியரும் தம் மண்ணின் தொன்மங்களைக் கொண்டு மிகுபுனைவு உலகங்களைச் சமைக்கின்றனர். 2005இல் தோன்றிய 'ட்ரெசே' என்னும் சித்திரக்கதை, 2021இல் அசைவூட்டத் தொடராகி உலகெங்கும் சென்றது. இத்தகைய படைப்புகளுக்கு ஆவிகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. மரத்தை வெட்டுபவன் யாரிடம், எப்போது பொறுத்தருள வேண்ட வேண்டும் என்னும் நெறி தெரிந்தாலன்றிப் புனைவுலகில் மனிதர் வாழ இயலாது. இசபெலோ பெயர்களோடு அந்நெறிகளையும் எழுதிவைத்தார்.

லாம்-ஆங் உயிர்த்தெழுமுன் ஒருவர் கடலுள் மூழ்கி எலும்புகளைத் திரட்ட வேண்டியிருந்தது. தம் மக்களின் தொன்மத்திற்கு இசபெலோ செய்ததும் அதுவே.