குழந்தையின் அளவில் ஓர் அறை

ஹனோவர் நகரின் சிறுவர் தோட்டங்களுக்குத் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எம்மவர், அங்குள்ள கதிரைகள் தம் முழங்காலுக்கும் எட்டாதவையாக இருப்பதையும், தட்டுகள் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்திற் திறந்தே கிடப்பதையும் ஒருகணம் வியந்துவிட்டு வீடு திரும்புவர். எழுத்துச் சொல்லிக் கொடுக்காமல் நாள் முழுவதும் விளையாட விடுகிறார்களே என்பது மாலையில் எழும் முறைப்பாடு. சிறுவர் தோட்டம் என்ற பெயரை 1840 இல் வழங்கியவர் ஜேர்மனியரான ஃபுரோபல். ஆனால், அறையையே குழந்தையின் உடலளவுக்கு அமைக்க வேண்டும் என்பதை ஒரு கல்விக் கொள்கையாக உலகெங்கும் பரப்பியவர் ஓர் இத்தாலிய மருத்துவர், மரியா மொண்டிசோரி. அவர் தம் முதுமையை எம்மைப் போல் நாடுவிட்டு நாடு அலைந்து கழித்தவர் என்பதும், அவ்வலைச்சலின் நீண்ட பகுதி தமிழ் மண்ணிற் கழிந்தது என்பதும் எம்மிற் பலர் அறியாதவை.

1870 ஆகஸ்ட் 31 இல், அன்கோனாவுக்கு அண்மையிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரிற் பிறந்தவர் மரியா. பெண்கள் மருத்துவம் கற்பது அரிதாயிருந்த காலத்தில், 1896 இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடையே அவர் தொடக்கத்திற் பணியாற்றினார். உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் மூலம் 1898 இல் அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். மணமாகாத தாய் என்ற பழிக்கு அஞ்சிப் பிள்ளையை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றிடம் வளர்க்கக் கொடுத்தார். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இல்லம் அமைத்தவர் தம் பிள்ளையைப் பதினைந்து வயதளவிலேயே தம்முடன் சேர்த்துக்கொண்டார். அப்போதுங்கூட வெளியுலகுக்கு அவனை மகன் என்று அறிவிக்க அவரால் இயலவில்லை.

உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதி அக்காலத்தில் வறியவர் குடியிருப்பு. அங்குள்ள மாடிக் குடியிருப்புகளைச் செப்பனிட்ட நிறுவனம் ஒன்றுக்கு ஒரு தொல்லை இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறுவர்கள் மாடிப்படிகளையும் புதுச் சுவர்களையும் பாழாக்கினர். அவர்களை ஓர் அறைக்குள் வைத்திருப்பதே நிறுவனத்தின் நோக்கம்; கல்வி அதன் கருத்தில் இருக்கவில்லை. அப்பொறுப்பை ஏற்ற மொண்டிசோரி, 1907 ஜனவரி 6 இல் ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளுடன் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். ஆசிரியப் பயிற்சியற்ற ஓர் இளம் பெண்ணே பிள்ளைகளைக் கவனித்தாள்.

அங்கு நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை நாம் பெரிதாக மதிக்கிறோம். பயிற்சிப் பொருள்கள் பெரிய அலுமாரியொன்றிற் பூட்டப்பட்டிருந்தன. ஒருநாள் அதனைப் பூட்ட மறந்துவிட்டனர். ஆசிரியை வந்தபோது, பிள்ளைகள் தத்தமக்கு வேண்டியவற்றைத் தாமே எடுத்து அமைதியாக அவற்றில் ஈடுபட்டிருந்தனர். திருட்டு என்று தண்டிக்க எண்ணியவளைத் தடுத்த மொண்டிசோரி, அலுமாரிக்குப் பதிலாகத் தாழ்ந்த திறந்த தட்டுகளை அமைத்தார். கதிரையையும் மேசையையும் பிள்ளையே தூக்கி நகர்த்தும் எடையிற் செய்வித்தார். நிலத்தில் விரிக்கும் சிறு பாயொன்று பிள்ளையின் எல்லையைக் குறித்தது. பாயிலிருப்பவனின் வேலையில் எவரும், ஆசிரியையும், தலையிடலாகாது. ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் வரையிலான பத்துக் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிய பிள்ளை அளவையும் வரிசையையும் கையாற் கற்றது. அரத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய நாலைந்து வயதினர், எவரும் வற்புறுத்தாமலே எழுதத் தொடங்கினர். விளையாட்டு என்று எம்மவர் ஒதுக்குவதை அவர் வேலை என்றே அழைத்தார். கற்பனை விளையாட்டுக்கு அவர் உரிய இடமளிக்கவில்லை என்ற குறை உண்டு. அது நியாயமான குறையே.

இவ்வறைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை என்பது அகதி விடுதியின் ஒற்றை அறையில் நால்வராய் வாழ்ந்த எமக்கு முக்கியமானது. கட்டிலுக்கும் சுவருக்குமிடையே ஒரு பாயும், பிள்ளைக்கு எட்டும் ஒரு தட்டும் வைக்க இடம் கிடைக்கும். அதனைப் பிள்ளையின் இடம் என்று பெரியவர்கள் ஏற்பதுதான் கடினம்.

1909 இல் வெளிவந்த நூல் அவரை உலகப் புகழாளராக்கியது. 1924 அளவில் முஸோலினியின் ஆதரவையும் அவர் ஏற்றார். பிள்ளைகளைப் படைவீரராக்க முனைந்த ஓர் ஆட்சியுடன் கைகோத்தது எம்மாற் பாராட்டக்கூடியதன்று. 1934 இல் அவ்வுறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜேர்மனியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பேர்லினில் இருந்த அவரது சர்வதேசச் சங்கத்தின் தலைமையகம் 1935 இல் அம்ஸ்ரர்டாமுக்குப் பெயர்ந்தது. 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூள, பார்சலோனாவில் இருந்த வீட்டையும் விட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதன்பின் நெதர்லாந்து.

1939 இன் இறுதியில், அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு மாரியோவுடன் வந்தார். ஓலைக் கொட்டகைகளில் முந்நூறுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்திற் பெயர்த்தார். சில மாதங்களில் திரும்புவதாகவே எண்ணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பாசிச ஆட்சி வெளியேற்றிய அதே மனிதரை, இத்தாலியர் என்ற காரணத்தாற் பிரித்தானியர் எதிரிநாட்டவராகப் பதிவு செய்தனர். கடவுச்சீட்டு ஒரு மனிதரின் கதையைச் சொல்வதில்லை என்பதை எம் வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை. மாரியோ அகமத்நகர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்; தாயார் அடையாற்று வளாகத்தை விட்டு நீங்கலாகாது என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில், அவரது எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, மாரியோவை விடுவிப்பதாக அரசப் பிரதிநிதி தந்தி அனுப்பினார். அதில் மாரியோ அவரது மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் மறைத்த உறவை ஓர் அந்நிய அரசின் தந்தி வெளியிட்டது.

பின்னர் ஈராண்டளவு கொடைக்கானலிற் கழிந்தது. அங்கு நடத்திய சிறு பள்ளியில், இலங்கையரான லீனா விக்கிரமரத்தின அவருடன் பணியாற்றினார். மலையும் செடியும் பூச்சியும் அங்கு பாடமாயின. அறைக்குள் தொடங்கிய முறை வெளியே விரிந்தது அப்போதே. 1944 இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். இந்தியாவிலும் இலங்கையிலும் அவரிடம் பயின்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இன்று எம் ஊர்களில் அவர் பெயரைத் தாங்கிய பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. மூன்று வயதுப் பிள்ளையை வரிசையில் இருத்தி அரிச்சுவடியை மனனம் செய்விப்பதற்கும் அப்பெயர் பயன்படுகிறது. அதனைத் தடுக்கும் சட்டமெதுவும் இல்லை.

1946 இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டு மீண்டும் இந்தியா வந்து 1949 வரை தங்கினார். குழந்தையின் முதல் ஆண்டுகளைப் பற்றி இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகள் அவ்வாண்டு அடையாற்றிலேயே நூலாயின. இத்தாலி 1990 இல் ஆயிரம் லீரா நாணயத்தாளில் அவர் முகத்தைப் பொறித்தது. ஆனால் அவர் அங்கு அடக்கம் செய்யப்படவில்லை. நெதர்லாந்தின் நோர்ட்விக் கடற்கரையூரில், 1952 மே 6 ஆம் நாள், எண்பத்தொரு வயதில் இறந்தார். கல்லறையும் அவ்வூரிலேயே உள்ளது. இறப்பதற்குச் சற்று முன்னர், ஆபிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவதைப் பற்றி மாரியோவுடன் பேசிக்கொண்டிருந்தார் என்பர்.