பரடேயின் வரவுக் கணக்கு

கிராபீன் மின்வாய் செய்பவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, ஒரு கிராமுக்கு எத்தனை பரட் என்பதுதான். அந்தப் பரட் ஒரு கொல்லரின் மகனுடைய பெயர்.

மைக்கேல் பரடே 1791 செப்டெம்பர் 22இல் தென் இலண்டனில் பிறந்தார். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். தகப்பனார் நோயாளி. விலைவாசி ஏறிய காலத்தில் பிள்ளைக்குக் கிழமைக்கு ஒரு பாண்தான். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகப் போனவர், கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே மின்னியலும் இரசாயனமும் கற்றார். ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளுக்கு எடுத்த குறிப்புகளைத் தன் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினார். 1813இல் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. கிழமைக்கு 25 சிலிங், மேல்மாடியில் இரண்டு அறை.

கணக்காளனான எனக்கு இனி வருவதுதான் சுவை. இரசாயனப் பரிசோதனைகள் செய்து கொடுத்து அவர் வெளியே உழைத்த பணம் 1831இல் 1090 பவுண்ஸ். 1832இல் 155. 1837இல் 92. 1838இல் பூச்சியம். இந்தப் பேரேட்டைப் பார்த்தால் நொடித்துப்போன கடை என்றே நானும் எழுதியிருப்பேன். ஆனால் அந்த வேலைகளை அவரேதான் விட்டுவிட்டார். அந்த நேரம் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது.

அப்படி மீதப்பட்ட நேரத்தில் ஒரே அளவில் இரண்டு பித்தளைக் கோளங்கள் செய்வித்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கோளம். ஒன்றின் இடைவெளியில் காற்று. மற்றதில் கந்தகம், கண்ணாடி, அரக்கு என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றில் மின்னேற்றி மற்றதோடு தொட்டால் மின்னேற்றம் சரிபாதியாகப் பிரியவில்லை. காற்றுள்ளதைவிட மற்றது கூடுதலாக எடுத்தது. சேமிப்பில் நடுவிலுள்ள பொருளுக்கும் பங்குண்டு என்று அதனால் தெரிந்தது.

1881இல் பாரிசில் கூடிய மாநாடு கொள்ளளவத்தின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. பெரிய அலகு அது. ஒரு மில்லிமீற்றர் காற்றிடைவெளியோடு 1 பரட் பெற, ஏறக்குறைய 113 சதுர கிலோமீற்றர் தகடு வேண்டும். சுப்பர் கப்பாசிட்டரில் கரிக்கும் கரைசலின் அயன்களுக்கும் இடையில் ஒரு நனோமீற்றர்கூட இல்லை. பரப்போ, ஒரு கிராம் கிராபீனில் 2600 சதுர மீற்றர் வரை. ஆனால் காயும்போது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்தப் பரப்பில் பெரும்பகுதி போய்விடும். ஒட்டாமல் பிரித்து வைப்பதற்கே இன்றைக்கும் ஆய்வுகூடங்கள் பாடுபடுகின்றன.

சேர் பட்டத்தையும் ரோயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் பரடே மறுத்தார். 1867 ஓகஸ்ட் 25இல் காலமானார். ஹைகேற் மயானத்தில் உள்ள கல்லில் பெயரும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே உண்டு.